பைக் கொட்டேஷனில் ‘அதர்ஸ்’ என்று ஒரு வரி

கேள்வி: எங்களுக்குக் கும்பகோணம் பக்கம். மகன் வேலைக்குப் போய்வர 160 சிசி பைக் ஒன்றைப் பார்த்து, 5,000 ரூபாய் கட்டி புக் செய்தோம். எக்ஸ் ஷோரூம் விலை 1,24,000 என்றார்கள். அப்புறம் கொடுத்த கொட்டேஷனில் ரோடு டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் 17,500, இன்சூரன்ஸ் 14,200, அக்சஸரீஸ் 6,800, அதர்ஸ் 3,500, மொத்தம் 1,66,000 என்று இருக்கிறது. ‘அதர்ஸ்’ என்றால் ஹேண்ட்லிங் சார்ஜாம். இன்சூரன்ஸை வெளியே போட்டுக்கொள்கிறோம் என்றால் டெலிவரி தாமதமாகும் என்கிறார்கள். தள்ளுபடி கேட்டால் கம்பெனி விடாது என்கிறார்கள். பாதிப் பணத்துக்கு லோன் போடுகிறோம். அந்த வண்டி டீலருக்கு என்ன விலைக்கு வருகிறது என்று கேட்க எங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டா? வேண்டாம் என்று விட்டுவிட்டால் 5,000 திரும்ப வருமா?

பதில்: முதல் கேள்விக்கு நேரான பதில்: இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் தரம், அளவு, விலை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. அங்கே விலை என்பது உங்களிடம் வாங்கும் விலை. டீலர் கம்பெனிக்குக் கட்டிய அடக்க விலையைக் காட்டச் சொல்ல எந்தச் சட்டமும் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பதுபோல் பைக்குக்கு எம்.ஆர்.பி.யும் கிடையாது. அந்த விதி பொட்டலமாக விற்கும் பொருளுக்குத்தான்.

இதில் நீங்கள் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அடக்க விலை தெரிந்தவர்கள்கூட அதை வைத்து 500 ரூபாய் குறைத்ததை நான் பார்த்ததில்லை. “எங்களுக்கு மார்ஜினே இல்லை சார்” என்று அவர் ஒரு கதை சொல்வார், உங்களிடம் அதற்கு மறுகணக்கு இருக்காது. உங்கள் பணம் போவது எக்ஸ் ஷோரூம் வரியில் இல்லை, அதற்குக் கீழே உள்ள நான்கு வரிகளில். அந்த நான்கிலும் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. ஒவ்வொரு வரிக்கும் ‘இதற்கு ரசீது யார் பெயரில் வரும்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

‘அதர்ஸ்’ வரியை முதலில் எடுக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 41வது பிரிவை 2019இல் திருத்தினார்கள். அதன்படி புது வண்டியை அதே மாநிலத்தில் பதிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டியவர் டீலர்தான். நீங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைவதற்குப் பதில் அவர் அலைகிறார் என்ற உபகாரக் கணக்கெல்லாம் இல்லை, அது அவர் கடமை. பதிவெண் வண்டியில் மாட்டப்படும் வரை டெலிவரி கொடுக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. சட்டம் தன்மேல் சுமத்திய வேலைக்கு வாடிக்கையாளரிடம் 3,500 வாங்கலாம் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. கம்பெனியிலிருந்து ஷோரூமுக்கு வண்டியை இறக்கிய செலவு என்றால் அது எக்ஸ் ஷோரூம் விலைக்குள் வர வேண்டியது. ஷோரூமில் நிற்கிற வண்டியின் விலை என்பதால்தானே அதற்கு அந்தப் பெயர்?

என்னிடம் ஜூனியராக இருக்கும் பையன் சென்ற ஆண்டு பைக் எடுத்தபோது துணைக்குப் போயிருந்தேன். அங்கேயும் இதே வரி. மற்றதெல்லாம் பேனாவில், இது மட்டும் பென்சிலில். சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் தம்பியிடம், “இதைக் கொடுத்துவிடுகிறோம், ஜி.எஸ்.டி. பில்லில் ஹேண்ட்லிங் என்றே எழுதித் தாருங்கள்” என்றேன். அவர் உள்ளே போனார். பத்து நிமிஷம் கழித்து மேனேஜர் வந்தார், டீ சொன்னார், ரப்பரை எடுத்து அந்த வரியை அழித்தார். நான் வக்கீல் என்று அப்போது சொல்லவே இல்லை. பில்லில் ஏறினால் அந்தத் தொகைக்கு வரி கட்ட வேண்டும், கணக்கில் காட்ட வேண்டும், நாளை நுகர்வோர் ஆணையத்தில் அதுவே சாட்சியாகவும் நிற்கும்.

எல்லா ஷோரூமிலும் ரப்பர் கிடைக்காது. சில இடங்களில் கம்ப்யூட்டர் பில்லிலேயே ‘லாஜிஸ்டிக்ஸ்’, ‘டாக்குமெண்டேஷன்’ என்று போட்டுத் தருவார்கள். அப்போது “என்ன சேவை செய்தீர்கள் என்று எழுதுங்கள்” என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் வாங்கி வையுங்கள்.

அடுத்து ரோடு டாக்ஸ் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் இருசக்கர வாகன ஆயுள் வரி, ஒரு லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். 1,24,000க்கு 12 சதவீதம் 14,880. புது பைக்குக்குப் பதிவுக் கட்டணம் 300, ஸ்மார்ட் கார்டு 200, லோன் இருப்பதால் ஹைப்போதிகேஷன், அதாவது வண்டி கடனுக்கு ஈடு என்பதைப் பதிய 500. கூட்டினால் 15,880. சாலைப் பாதுகாப்பு வரி, தபால் என்று மேலே சில நூறுகள் வரலாம். அதற்கும் 17,500க்கும் நடுவில் உள்ளது என்ன என்று கேளுங்கள். பதில் ‘ஆபீஸ் செலவு’ என்று வந்தால், எந்த ஆபீஸ், அதற்கு ரசீது உண்டா? அரசுக்குக் கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் ரசீது உண்டு, அது உங்கள் பெயரில்தான் வரும். ரசீதில் உள்ளதை மட்டும் தருகிறோம் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அதிகப் பாதுகாப்பு நம்பர் பிளேட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டாலும் கேள்வி கேளுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு அதை வண்டியோடு சேர்த்து கம்பெனிதான் தர வேண்டும்.

இன்சூரன்ஸில்தான் ஷோரூம்காரர்கள் அதிகம் பயமுறுத்துவார்கள். கட்டாயம் என்பது எதுவரை? புது பைக்குக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு, கட்டாயம். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1 முதல் இது அமலில் இருக்கிறது. உங்கள் வண்டி 150 முதல் 350 சிசி பிரிவில் வருகிறது. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி ஐந்து வருடத்துக்கு 7,365, ஜி.எஸ்.டி. சேர்த்தால் சுமார் 8,690. இதை எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒரே தொகைதான், பேரத்துக்கு இடமில்லை.

மிச்சம் ஐயாயிரத்துச் சொச்சம்தான் பேச வேண்டிய இடம். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. லோன் கொடுப்பவர் கேட்பார், அதனால் உங்களுக்கு வேண்டியிருக்கும். ஆனால் அதை ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும், எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். சொந்த விபத்துக் காப்பீடு 15 லட்சத்துக்கு என்பது வண்டி உரிமையாளர் தானே ஓட்டுவதற்காக. மகனுக்கு ஏற்கெனவே அந்த அளவில் ஒரு பாலிசி இருந்தால் இன்னொன்று வேண்டாம். லைசென்ஸ் இல்லாத அப்பா பெயரில் வண்டியைப் பதிந்துவிட்டு இதற்கும் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். க்ளெய்ம் வரும்போதுதான் தெரியவரும். வண்டி யார் பெயரில் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

டீலர்கள் காப்பீடு விற்பதற்காகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் கொண்டுவந்த வழிகாட்டுதல், வாங்குபவரைத் தன்னிடமே எடுக்கும்படி டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ‘தாமதமாகும்’ என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பாலிசி எடுக்க சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வேண்டும், அதை அவர்கள் கடைசி நாள் வரை தர மாட்டார்கள். அதனால் “எங்களுக்கு ஒதுக்கிய வண்டியின் சேசிஸ், இன்ஜின் எண்ணைப் போட்டு புரஃபார்மா இன்வாய்ஸ் (விற்பனைக்கு முந்தைய பில்) தாருங்கள், நாளைக்குள் பாலிசி கொண்டுவருகிறோம்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கையோடு அதே காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் அதே சலுகைகளுக்கு விலை பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெரும்பாலும் அதைக் காட்டியதுமே டீலரும் அந்த விலைக்கு இறங்கிவிடுவார். அப்படி இறங்கினால் அவரிடமே எடுத்துக்கொள்வதில் தவறில்லை. க்ளெய்ம் நேரத்தில் அதே ஷோரூமில் வேலை சுலபமாக நடக்கும் என்பதும் உண்மைதான்.

அக்சஸரீஸ் 6,800. பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். சாரி கார்டும், பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விஷயம் சுவாரஸ்யமாகிவிடும். மத்திய மோட்டார் வாகன விதி 123 என்ன சொல்கிறது தெரியுமா? இரண்டு பேர் உட்காரும் பைக்கில் கைப்பிடியும், கால் வைக்கும் இடமும், பின்சக்கரத்தில் துணி சிக்காதபடி சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பும் இல்லாமல் வண்டியைத் தயாரிக்கவே கூடாது. அவை வண்டியின் உறுப்புகள். கம்பெனி பொருத்தி அனுப்ப வேண்டியதைக் கழற்றி வைத்து அக்சஸரீஸ் என்று விற்க முடியாது.

ஹெல்மெட் பற்றி விதி 138 பேசுகிறது: வண்டி வாங்கும்போது தர முத்திரை உள்ள ஹெல்மெட்டை வண்டித் தயாரிப்பாளர் வழங்க வேண்டும். ‘இலவசமாக’ என்ற சொல் அதில் இல்லை, ‘வழங்க வேண்டும்’ என்றுதான் இருக்கிறது. அந்த இடுக்கில்தான் டீலர்கள் 1,500 ரூபாய் பில் போடுகிறார்கள். சட்டமே கொடுக்கச் சொன்னதற்கு விலை கேட்பது சரியல்ல என்பது என் வாதம். டீலர் மறுத்தால், பெட்டியில் வரும் ஹெல்மெட்டுக்கு எம்.ஆர்.பி. உண்டு, அதற்கு மேல் ஒரு ரூபாய் தர வேண்டாம். மற்றபடி சீட் கவர், கிராஷ் கார்டு, கோட்டிங் எல்லாம் உங்கள் இஷ்டம். ‘பேக்கேஜ் எடுத்தால்தான் வண்டி’ என்பது, ஒன்றை வாங்க இன்னொன்றை வாங்கச் சொல்லும் வணிக நடைமுறை. நுகர்வோர் சட்டத்தில் அதற்குத் தனியாகவே வரையறை இருக்கிறது.

லோனைப் பற்றி ஒரே விஷயம். 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்று ஒரு சுருக்கத் தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தாளைப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சரி, தள்ளுபடிக்கு வருவோம். ‘கம்பெனி விடாது’ என்பதை அவர் எழுத்தில் தருவாரா என்று கேளுங்கள், தரவே மாட்டார். இதைவிடக் குறைவாக விற்கக் கூடாது என்று தயாரிப்பாளர் டீலரின் கையைக் கட்டி, அதனால் சந்தையில் போட்டி கெட்டால், அது போட்டிச் சட்டத்தின் 3வது பிரிவுக்குள் வரும். டீலர்கள் தரும் தள்ளுபடிக்கு உச்சவரம்பு வைத்ததாக மாருதி சுசுகிக்கு 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதை எதிர்த்து அந்த நிறுவனம் மேல்முறையீடு செய்தது. ஆகவே தன் லாபத்தில் விட்டுக்கொடுக்க டீலருக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த எந்த நீதிமன்றமும் வராது. அது உங்கள் வாய்ச் சாமர்த்தியம்.

அதற்கு அடக்க விலையைவிட உதவுவது வண்டியின் வயது. ஷோரூமில் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் அவர் வட்டி கட்டிக்கொண்டிருப்பார். தயாரித்த மாதமும் வருடமும் விற்பனைச் சான்றான படிவம் 21இல் இருக்க வேண்டும். ஆறேழு மாதம் நின்ற வண்டியையோ போன வருடத்து வண்டியையோ தலையில் கட்டுகிறார்கள் என்றால் அதைச் சொல்லிக் குறைக்கக் கேளுங்கள். மாதக் கடைசி வாரத்தில் போனால் காதும் கொஞ்சம் திறந்திருக்கும். குறைத்தால் இன்வாய்ஸில் குறைக்கச் சொல்லுங்கள். ‘5,000 ரூபாய் அக்சஸரீஸ் ஃப்ரீ’ என்பதை நான் தள்ளுபடி என்று எண்ணுவதே இல்லை.

விலை பேசும்போது இதையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. உங்கள் 1,24,000இல் வண்டியின் விலை சுமார் 1,05,085, வரி 18,915 என்று இன்வாய்ஸ் பிரிய வேண்டும்.

கடைசியாக உங்கள் 5,000. புக்கிங் ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘கேன்சல் செய்தால் பணம் திரும்பாது’ என்று பொடி எழுத்தில் இருக்கலாம். இருந்தாலும் அதோடு கதை முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74வது பிரிவுப்படி, ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம். கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், இழப்பே இல்லாத இடத்தில் முன்பணத்தை விழுங்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. நாளைக்கே வேறொருவருக்கு விற்கக்கூடிய பைக்கில் டீலருக்கு என்ன இழப்பு? அதிலும் புக்கிங் சமயத்தில் சொல்லாத கட்டணங்களைப் பிறகு ஏற்றியதால்தான் விலகுகிறீர்கள் என்றால் உங்கள் பக்கம் இன்னும் வலு. அந்தக் காரணத்தையே எழுதி, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, ஸ்பீட் போஸ்ட்டில் டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தஞ்சாவூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, நுகர்வோர் புகாருக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பணம் கட்டி வண்டியை எடுத்துவிட்டவர்களும் இரண்டு வருடத்துக்குள் போகலாம். 3,500 ரூபாய்க்காக இத்தனை நடையா என்று நீங்கள் நினைப்பீர்கள், ஷோரூமும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. என் அனுபவத்தில் பத்துக்கு ஏழு நோட்டீஸோடு முடிந்துவிடுகிறது.

இப்போதைக்கு வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இந்தக் கேள்விகளை எழுத்தில் அனுப்பிவிட்டு நான்கு நாள் பொறுங்கள். அந்தக் கொட்டேஷன் தாளை மட்டும், ‘புதிதாகப் போட்டுத் தருகிறேன்’ என்று கேட்டு வாங்குவார்கள். கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.