ஜிமேட்: பழைய புத்தகம் உதவுமா?

கேள்வி: உறவினர் 2021-ல் எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வு எழுதி 700 எடுத்தார். அவருடைய புத்தகங்களை வைத்துத்தான் படிக்கிறேன். புதுமுறை மாதிரித் தேர்வில் எனக்கு 645 வருகிறது. இது குறைவா? இந்தப் புத்தகங்கள் போதுமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: குறைவே இல்லை. 2023 நவம்பரில் வந்த புதிய தேர்வின் 645, பழைய 700-க்கு ஏறத்தாழச் சமம். அளவுகோலே வேறு: முன்பு 200 முதல் 800, இப்போது 205 முதல் 805. கடைசி இலக்கம் எப்போதும் 5. ஆனால் அந்த 645 எதில் வந்தது என்று பாருங்கள். தேர்வை நடத்துபவர்களின் எம்பிஏ டாட் காம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மாதிரித் தேர்வுகளில் வந்திருந்தால் நம்பலாம்.

புத்தகத்தில் வாக்கியப் பிழை திருத்தும் சென்டன்ஸ் கரெக்‌ஷன், ஜியாமெட்ரி, கட்டுரை மூன்றையும் விட்டுவிடுங்கள், இப்போது கிடையாது. அல்ஜீப்ரா, எண்கணிதம், வாதங்களை எடைபோடும் கிரிட்டிக்கல் ரீசனிங், வாசித்தறிதல் பகுதிகள் இன்றும் உதவும். கொடுத்த தகவல் விடைக்குப் போதுமா என்று கேட்கும் டேட்டா சஃபிஷியன்சி, கணக்குப் பிரிவிலிருந்து டேட்டா இன்சைட்ஸ் என்ற தகவல் அலசும் பிரிவுக்குப் போய்விட்டது.

பலர் சறுக்குவது அங்கேதான். முன்பு இதன் இடத்தில் இருந்த இன்டகிரேட்டட் ரீசனிங் பிரிவின் மதிப்பெண் மொத்தத்தில் சேராது. பேருக்குப் படித்தால் போதும். இன்று கணக்கு 21, வெர்பல் (மொழிப் பிரிவு) 23, டேட்டா இன்சைட்ஸ் 20 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம், மூன்றுக்கும் சம எடை. அட்டவணைக் கேள்வி ஒன்றில் மூன்று பகுதி இருந்தால் மூன்றும் சரியாக வேண்டும். இரண்டு மட்டும் சரி என்றால் மதிப்பெண் கிடைக்காது. திரையில் கால்குலேட்டர் இந்தப் பிரிவில் மட்டுமே உண்டு. ஆனால் எல்லாவற்றையும் அதில் தட்டினால் நேரம் போய்விடும். தோராயமாக மனக்கணக்குப் போடப் பழகுங்கள்.

ஒவ்வொரு பிரிவிலும் மூன்று விடைகளை மாற்றலாம், கடைசிக் கேள்வி முடிந்து நேரம் மிஞ்சினால் மட்டும். விடையளிக்காமல் விட்டால் மதிப்பெண் குறையும். அதனால் ஒரு கேள்வியில் மூன்று நிமிடம் கடந்தால் ஊகித்துக் குறித்துவிட்டு நகருங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தே எழுதலாமா, சென்னை போக வேண்டுமா?
– வாசகர், மண்டபம்

பதில்: வீட்டிலிருந்து எழுத அனுமதி உண்டு. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் அந்த முயற்சி வேண்டாம். காற்றுமழையில் கரண்டோ இணையமோ போனால் தேர்வு பாதியில் நின்றுவிடலாம். அந்த மாதங்களில் சென்னை மையமே நல்லது, முந்தின நாளே போய்விடுங்கள். பதிவில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அதில் அப்பா பெயர் முழுதாக இருக்க, பதிவில் இனிஷியல் மட்டும் போட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடும். மறுமுறை எழுத 16 நாள் இடைவெளி கட்டாயம். கல்லூரியின் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி முதல் தேதியைக் குறியுங்கள்.