நாற்காலியைப் பிடித்திருக்கும் கை

அன்புள்ள ஐயா,

நீங்கள் பள்ளி நாட்களைப் பற்றி எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எனக்குத் தென்காசி. 1990 மார்ச்சில் பிளஸ் டூ எழுதிய செட். 35 வருடம் ஆனதையொட்டி எல்லோரும் ஒன்றுகூடுகிறோம். ஒரு மலர் போடவேண்டும் என்று முடிவாகி, அந்தப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பினேன். பெயர், வேலை, குடும்பம், கைபேசி எண், 'வாழ்வில் சாதித்தவை'. 41 பேர் நிரப்பி அனுப்பிவிட்டார்கள். படித்துப் பார்த்தால் ஒருவனையும் அடையாளம் தெரியவில்லை. மண்டல மேலாளர் என்று இருக்கிறது. எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

என் நினைவில் இருப்பதெல்லாம் வேறு. கடைசிப் பரீட்சை முடிந்த மத்தியானம் பதினாறு பேர் சைக்கிளில் குற்றாலம் போனோம். சீசன் இல்லாத மாதத்தில் அருவியில் என்ன இருக்கும்? பாறைதான் இருந்தது. ஐந்தருவியில் ஒரு கிளையில் மட்டும் நூல் மாதிரி தண்ணீர். வரிசையில் நின்று, ஆளுக்கு ஐம்பது எண்ணும்வரை தலையைக் காட்டினோம். அந்த நேரத்தில் ஒரு குரங்கு என் ஆட்டோகிராஃப் நோட்டைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. ஒருவன் தன் முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்து அதை மீட்டான். ரோஸ் தாள் நான்கு கிழிந்து போயிருந்தன. வீட்டுக்குப் போய் நிதானமாகப் படிக்கலாம் என்று வைத்திருந்த பக்கங்கள் அவை.

இதையெல்லாம் மலரில் போடலாமா? குழுவில் சொன்னபோது, "ஐம்பது வயசுக்கு மேல இது என்னப்பா சின்னப்புள்ளத்தனம்" என்றார் ஒருவர். உங்கள் எண்ணத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
வி., தென்காசி

*

அன்புள்ள வி.,

குரங்கை முதல் பக்கத்தில் போடுங்கள்.

படிவம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் தேவைப்பட்டால் அந்தக் கைபேசி எண்கள்தான் உதவும். கடைசி இரண்டு பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டுவிடலாம். மற்ற பக்கமெல்லாம் ஐந்தருவிக்கும் சைக்கிளுக்கும் முறுக்குக்கும் உரியவை. இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை.

நான் கோவில்பட்டியில் 1986ல் பிளஸ் டூ முடித்தவன். என் அண்ணன் படித்தது பழைய எஸ்.எஸ்.எல்.சி. முறையில். 1978ல் பிளஸ் டூ வருவதற்கு முன்னால் பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும், பி.யு.சி. என்ற ஒரு வருடப் படிப்புக்குக் கல்லூரிக்குப் போகவேண்டும். அண்ணனிடம் அவன் கூட்டாளிகளைப் பற்றிக் கேட்டால் வாத்தியாரிடம் வாங்கிய அடியும், மாங்காய் திருடிய தோட்டமும் வரும். எங்களுக்கு அதே கட்டடத்தில் இன்னும் ஒரு வருடம் கிடைத்தது. மீசை அரும்பிய பிறகும், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு அதே மணிக்கு எழுந்து அதே மணிக்கு உட்கார்ந்தோம். கூடவே ஆய்வகமும் கிடைத்தது. என் செட்டின் கதைகளில் பாதி அங்கே நடந்தவை.

வேதியியல் ஆய்வகத்தில் வாயு தயாரிக்கும் கிப் உபகரணத்தைத் திறந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அழுகிய முட்டை நாற்றம் வராந்தா முழுக்கப் போய்க் கடைசி வகுப்பறை வரைக்கும் எட்டும். நாங்கள் யாரும் மூக்கைப் பொத்தமாட்டோம். பொத்தினால் அவன்தான் பத்தாம் வகுப்பிலிருந்து புதிதாக வந்தவன். பருமனறி பகுப்பாய்வில் கரைசலை அளந்தெடுக்க, பிப்பெட் என்ற கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சவேண்டும். ஒருவன் ஜன்னல் வழியாக ஹாக்கி பார்த்துக்கொண்டே உறிஞ்சியதில் பெர்மாங்கனேட் வாய்க்குள் போய்விட்டது. ஊதா நிறத்தில் உள்ளே போனது, பல்லையும் உதட்டையும் பழுப்பாக்கிவிட்டது. மூன்று நாள் வாயைத் திறக்காமலே சிரித்தான். அன்றிலிருந்து அவன் பெயர் பிப்பெட். அவன் மகள் கல்யாணத்தில் நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து வைத்த மொய்க் கவரில் 'பிப்பெட் வகையறா' என்று எழுதியிருந்தோம். மொய் எழுதுகிறவர் மைக்கில் அப்படியே வாசித்துவிட்டார். சம்பந்தி வீட்டார் அது என்ன ஊர் என்று விசாரிக்க, மாப்பிள்ளையின் அப்பாவிடம் பிப்பெட்டே உட்கார்ந்து முழுக்கதையையும் சொல்லிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். வங்கியில் அவன் எந்தப் பதவியில் ஓய்வு பெற்றான் என்று சொல்ல அவ்வளவு நேரம் எடுத்திருக்கமாட்டான்.

எங்கள் ஊரில் ஹாக்கி இல்லாமல் எந்தக் கதையும் முடியாது. ஸ்டிக் வாங்க முடியாதவர்கள் வேலிக்கருவேலில் அடியில் வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டிக்கொள்வார்கள். கரிசல் தரை, கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எங்களுக்கும் காமர்ஸ் குரூப்புக்கும் நடந்த ஆட்டத்தில், கோலுக்குப் பத்தடி முன்னால் பந்து வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. கையை விட்டால் எட்டவில்லை. எங்கள் கோல் கீப்பர் கிரிக்கெட் பேடைக் கட்டிக்கொண்டு அந்த வெடிப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டான், எடுக்கவிடமாட்டேன் என்று. அது கோலா இல்லையா என்பது இன்றுவரை தீரவில்லை. 2022ல் எங்கள் ஊர் மாரீஸ்வரன் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக இறங்கியபோது, குழுவில் முதல் வாழ்த்து வந்தது. இரண்டாவது செய்தி, "அன்னைக்கு வெடிப்புல விழுந்தது கோல்தான்." விடிய விடியச் சண்டை போட்டோம். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஆட்டோகிராஃப் நோட்டைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். என்னுடையது இன்னும் இருக்கிறது. ரயில் சிநேகம் என்று ஏழு பேர் எழுதியிருக்கிறார்கள், கப்பல் படம் வரைந்தவர்கள் நான்கு பேர். அந்த வரிகள் இப்போது ஒன்றும் செய்வதில்லை. ஒரு பக்கத்தில் மட்டும், "எனக்கு நீ தரவேண்டியது இரண்டு புரோட்டா" என்று இருக்கிறது. அதை எடுத்தால் என்.சி.சி. பரேடு முடிந்த சாயங்காலமும், கஞ்சி போட்ட காக்கிச் சட்டையின் மொடமொடப்பும், சால்னா மணமும் வந்துவிடுகின்றன.

இனி, உங்களுக்கு நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம்.

எங்கள் குரூப் போட்டோவில் இடது ஓரத்தில் ஒரு நாற்காலியின் பாதி தெரியும். அதன் முதுகை ஒரு கை பிடித்திருக்கும். ஆள் படத்தில் இல்லை. ஆசிரியர்களுக்கு நாற்காலி குறைந்தது, தலைமையாசிரியர் அறைக்கு ஓடி எடுத்துவந்தான் ஒருவன். அவன் வந்து சேர்வதற்கும் போட்டோக்காரர் கறுப்புத் துணியிலிருந்து தலையை எடுப்பதற்கும் சரியாக இருந்தது. ஆண்டு விழா என்றால் பெஞ்ச் சுமந்தவன் அவன், நாடகத்துக்குத் திரை இழுத்தவன் அவன். வீட்டில் கடலை மிட்டாய் போடுகிறார்கள், உடைந்த துண்டுகளை டவுசர் பையில் கொண்டுவந்து பரீட்சைக்கு முன்னால் ஆளுக்கு ஒன்று கொடுப்பான். ரிசல்ட் அன்று பேருந்து நிலையத்தில் மாலைப் பத்திரிகைக் கட்டு இறங்கியதும், சைக்கிள் கேரியரில் ஏறி நின்று எங்கள் எண்களைச் சத்தம்போட்டு வாசித்தவனும் அவன்தான். தன் எண் அதில் இல்லை என்று தெரிந்த பிறகும் கடைசி எண் வரை வாசித்தான். அப்பாவோடு மிட்டாய் போடப் போய்விட்டான். இப்போதும் அதுதான் தொழில். 2020ல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்ததும் எங்களில் இருபது பேராவது அவனை அழைத்திருப்போம்.

உங்கள் படிவத்தை அவனிடம் கொடுத்தால் 'சாதித்தவை' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுத் திருப்பித் தந்திருப்பான். உங்கள் செட்டிலும் அப்படிக் கோடு போட்டவர்கள் இருப்பார்கள், பாருங்கள். ஆகவே அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். ஒவ்வொருவரிடமும் அவருடைய பெஞ்சில் பக்கத்தில் இருந்தவரைப் பற்றிக் கேளுங்கள். என்ன செய்தான், எதற்குச் சிரித்தான், யாரிடம் மாட்டினான், எதைப் பகிர்ந்து தின்றீர்கள். தன்னைப் பற்றி நான்கு வரி எழுதத் தயங்குகிறவன் கூட அடுத்தவனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிடுவான். மண்டல மேலாளர் எந்த பெஞ்ச் என்று அப்போது தெரியும். சின்னப்பிள்ளைத்தனம் என்று சொன்ன நண்பரிடமும் கேளுங்கள், கட்டாயம் எழுதுவார். அந்தப் பதினாறு சைக்கிளில் அவரும் இருந்தாரா?

முறுக்குக் கொடுத்து நோட்டை மீட்டவர் யார் என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. மலரில் அவர் பெயர் இருக்கட்டும்.

கிழிந்துபோன அந்த நான்கு பக்கங்களுக்கு ஒரு வழி தோன்றுகிறது. நோட்டில் மீதியிருப்பதைப் புரட்டினால் யாருடைய கையெழுத்து இல்லை என்று கண்டுபிடித்துவிடலாம். ரோஸ் தாள் நான்கு வாங்கி வையுங்கள். கூட்டத்தன்று காலையில், கூட்டம் சேர்வதற்கு முன்னால், அவர்களிடம் பேனாவோடு கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்.