கால்சியம் கிட்டுக்கு முன்னால உப்பைப் பாருங்க: ஒரு கேள்வி பதில்

மதுரையில கடல்நீர்த் தொட்டி வச்சிருக்கிற நாங்க பத்துப் பன்னிரண்டு பேர், மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை யார் வீட்டு மாடியிலயாவது கூடுவோம். இந்தத் தடவை என் வீடு. தொட்டித் தண்ணியில கால்சியம் எவ்வளவு இருக்குன்னு அளக்கிற டெஸ்ட் கிட் பத்தி மட்டும் பேசுவோம்னு சொல்லி வச்சிருந்தேன். கேட்டதையும் சொன்னதையும் பேச்சுநடை மாறாம எழுதியிருக்கேன். பேர் போடாத பதிலெல்லாம் நான் சொன்னது.

வில்லாபுரம் தம்பி: அண்ணே, ரெண்டு க்ளவுன் மீன், ஒரு டாம்சல் மீன், கொஞ்சம் லைவ் ராக் (கடல் உயிர்கள் குடியிருக்கிற பாறை). பவளம் எதுவும் இல்ல. எந்த கால்சியம் கிட் வாங்கட்டும்?

வாங்காதீங்க தம்பி. எலும்புக்கூடு கட்டுற உயிருக்குத்தான் கால்சியம் வேணும்: ஹார்ட் கோரல்ங்கிற கல் பவளம், க்ளாம் சிப்பி, பாறையில ஊதாவாப் படருற கோரலைன் பாசி. மீனுக்கு நீங்க மாத்துற உப்புத்தண்ணியில இருக்கிறதே தாராளம். அந்தக் காசுல உப்பளவு பார்க்கிற நல்ல ரிஃப்ராக்டோமீட்டரும், அதைச் சரிபார்க்க 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) திரவமும் வாங்குங்க.

கே.கே. நகர் அக்கா: எங்கிட்ட ஹார்ட் கோரல் வந்தாச்சு. ஏபிஐ, சாலிஃபெர்ட், ஹன்னா மூணையும் சொல்றாங்க. எது நல்லது?

உங்க தொட்டி என்ன வேகத்துல கால்சியத்தைத் தின்னுதுங்கிறதைப் பொறுத்தது அக்கா. ஏபிஐ சொட்டுக் கணக்கு. 5 மில்லி தண்ணியில முதல் பாட்டில் 10 சொட்டு, அப்புறம் ரெண்டாவது பாட்டிலைச் சொட்டுச் சொட்டா விட்டு எண்ணணும். ஒரு சொட்டுன்னா லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம். 21 சொட்டுல நீலமானா 420. சாலிஃபெர்ட்ல 2 மில்லி தண்ணி, சிரிஞ்சால அளக்கிறது. 0.01 மில்லிக்கு 5 மில்லிகிராம் வரும். ஹன்னா செக்கர் டிஜிட்டல், நம்பரை அதுவே காட்டிரும். ஆனா அதுக்குப் பக்குவம் ஜாஸ்தி, அடுத்த கேள்வியில வரும்.

இதுல பலபேர் கவனிக்காத கணக்கு ஒண்ணு இருக்கு. பவளம் எலும்பு கட்டும்போது கால்சியம் 20 குறைஞ்சா, கே.எச். (தண்ணியில இருக்கிற கார்பனேட் அளவு) 2.8 டிகிரி குறையும். வாரத்துக்கு கே.எச். 1 இறங்குற தொட்டியில கால்சியம் வெறும் 7 தான் இறங்கும். 20, 20-ஆ எண்ணுற கிட்ல அது தெரியவே மூணு வாரம் ஆகும். அதனால தினமோ ரெண்டு நாளைக்கு ஒருக்காவோ பார்க்க வேண்டியது கே.எச். கால்சியம் வாரம் ஒரு தடவை போதும். என் ஓட்டு சாலிஃபெர்ட்டுக்கு. ஆனா கே.எச். கிட் இல்லாம கால்சியம் கிட் மட்டும் வாங்குறதா இருந்தா எதை வாங்கினாலும் ஒண்ணுதான்.

திருப்பாலைக்காரர்: ஹன்னாவுல 600-லயே நின்னு மின்னுது. புது மெஷின் சார். மாத்திக் கேக்கவா?

என்ன தண்ணி ஊத்துறீங்க?

திருப்பாலைக்காரர்: கேன் தண்ணிதான் சார். ஆர்.ஓ.

அங்கதான் இடிக்குது. அந்த மெஷின்ல உங்க தொட்டித் தண்ணி 0.1 மில்லிதான் போகுது. மிச்சம் கிட்டத்தட்ட 9 மில்லி நீங்க ஊத்துற சுத்தத் தண்ணி. கணக்குப் போடுங்க. தொட்டித் தண்ணி 0.1 மில்லியில இருக்கிற கால்சியம் 0.042 மில்லிகிராம். கேன் தண்ணியில ருசிக்காகத் தாது சேர்த்து லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் இருக்குன்னு வைங்க, 9 மில்லியில 0.18 ஆச்சு. தொட்டியில இருக்கிறதைப் போல நாலு மடங்குக்கு மேல! மெஷின் பாவம் என்ன செய்யும்?

மெடிக்கல்ல ஊசி மருந்து கலக்குற ஸ்டெரைல் வாட்டர் 10 மில்லி குப்பியா கிடைக்கும். கோரிப்பாளையத்துல பெரியாஸ்பத்திரியைச் சுத்தி எந்தக் கடையிலயும் இருக்கும். ஒரு டெஸ்டுக்கு ஒரு குப்பி. டெஸ்ட் குப்பியைக் கடைசியா அலசுறதும் அதுலயே இருக்கட்டும், போர் தண்ணி வேண்டாம். அப்புறம் அந்த 0.1 மில்லி. பிப்பெட் நுனிக்கு வெளியில ஒரு பொடித்துளி ஒட்டிட்டிருந்தாலே அளவு கூடிரும். டிஷ்யூவால துடைச்சிட்டு விடுங்க.

திருமங்கலம் வாத்தியார்: நிறம் எப்ப மாறுதுன்னே புரியலை. ரோஸ், அப்புறம் கத்திரிப்பூ, அப்புறம் நீலம். எங்க நிறுத்த?

ரோஸ் சாயல் கொஞ்சமும் மிச்சமில்லாம நீலமாகுற இடத்துல நிறுத்துங்க சார். கத்திரிப்பூ நிறம் வந்துட்டா அவசரப்படாம, ஒரு துளி விட்டு பத்துப் பதினஞ்சு செகண்ட் ஆட்டிப் பாருங்க. சந்தேகமா இருந்தா அளவைக் குறிச்சிட்டு இன்னும் ஒரு துளி விடுங்க. நிறம் மேல மாறலைன்னா முந்தின அளவுதான் சரி.

எங்க நின்னு பார்க்குறீங்கங்கிறதும் முக்கியம். தொட்டி மேல எரியுற நீல எல்.இ.டி.யில பார்த்தா எல்லாமே நீலம். ஜன்னலோரம் போய், பின்னால வெள்ளைத்தாள் பிடிச்சுப் பாருங்க. தண்ணி கலங்குனா பயப்படாதீங்க. கிட்ல வர்ற காரத் திரவம் (ஆல்கலி) விட்டதும் மெக்னீசியம் வெள்ளையாத் திரண்டு ஒதுங்குது. அது ஒதுங்குனாத்தான் கால்சியத்தைத் தனியா எண்ண முடியும். அந்தக் காரம் கண்ணுல கையில படக்கூடாது, பிள்ளைங்க இருக்கிற வீட்டுல ஜாக்கிரதை.

எல்லீஸ் நகர் தம்பி: சாலிஃபெர்ட் சிரிஞ்சுல பிஸ்டனுக்குக் கீழ காத்து நிக்குதுண்ணே.

நிக்கட்டும். அது நுனிக்குழாயில இருந்த காத்து. தண்ணி மட்டத்தைப் பார்க்காதீங்க, கறுப்பு ரப்பரோட கீழ் விளிம்பைப் பாருங்க.

மேலூர்க்காரர்: குடிதண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல கொடுத்தேன். கால்சியம் 1040-னு எழுதிக் கொடுத்திருக்காங்க. பவளம் செத்துருமா?

ரிப்போர்ட்டைக் காட்டுங்க. பாருங்க, பக்கத்துலயே பொடி எழுத்துல "கால்சியம் கார்பனேட்டாக"ன்னு போட்டிருக்கு. 2.5-ஆல வகுங்க, 416. அருமையான தண்ணி! நிம்மதியா ஊருக்குப் போங்க. நன்னீர் மீனுக்கு விக்கிற ஜி.எச். (மொத்தக் கடினத்தன்மை) கிட்டும் இதுக்கு ஆகாது. அது மெக்னீசியத்தையும் சேர்த்து எண்ணும், கடல்தண்ணியில சொட்டு விட்டே கை ஓஞ்சிரும்.

கே.கே. நகர் அக்கா: ரெண்டு கிட்ல பார்த்தேன், ஒண்ணு 400, இன்னொண்ணு 450. எதை நம்ப?

முதல்ல உப்பளவு என்னன்னு சொல்லுங்க. கத்திரி வெயில்ல 100 லிட்டர் தொட்டியில 5 லிட்டர் ஆவியாப் போனா, நீங்க ஒண்ணும் போடாமலே 420 இருந்தது 442 ஆயிரும். தாது சேர்க்காத ஆர்.ஓ. தண்ணி ஊத்தி உப்பை 35-க்குக் கொண்டுவந்துட்டு ரெண்டு கிட்லயும் மறுபடி பாருங்க.

அப்பவும் இடிச்சா, நமக்குக் கடல் பக்கம். 35 பிபிடி கடல்தண்ணியில கால்சியம் ஏறக்குறைய 420. உப்பு குறைஞ்சா அதே விகிதத்துல குறையும், 32 இருந்தா 384. தூத்துக்குடி, மண்டபம் பக்கம் போற யார்கிட்டயாவது ஒரு பாட்டில் சொல்லி விடுங்க. ஆத்து முகத்துல, கரையோரத்துல பிடிக்க வேண்டாம், படகுல கொஞ்சம் உள்ள போய்ப் பிடிக்கணும். ஐப்பசி கார்த்திகை மழையில பாக் நீரிணைப் பக்கம் உப்பு இறங்கும், அதனால உப்பளவைப் பார்த்துட்டுத்தான் கணக்கு. எந்த கிட் அதுக்குக் கிட்ட வருதோ அதை வச்சுக்குங்க, மத்ததைக் கடாசிருங்க. 380-லருந்து 450-க்குள்ள எங்க நின்னாலும் பவளத்துக்குக் கவலையில்ல.

உசிலம்பட்டி மாமா: மாப்ள, வெத்தலைச் சுண்ணாம்பும் கால்சியம்தான? அதைக் கரைச்சு ஊத்துனா ஆகாதா?

சரக்கு என்னமோ அதேதான் மாமா, கால்சியம் ஹைட்ராக்சைடு. சுத்தமான பொடியைத் தண்ணியில கரைச்சு, தெளிஞ்ச நீரைச் சொட்டுச் சொட்டா விடுறவங்க உண்டு. கடைச் சுண்ணாம்புல இன்னும் என்னென்ன கலந்திருக்கோ, காத்துல எவ்வளவு நாள் கிடந்ததோ யாருக்குத் தெரியும்? மொத்தமா ஊத்துனா காரம் ஏறி மீன் மிதக்கும். அது உங்க வெத்தலைப் பெட்டியிலயே இருக்கட்டும்.

திருமங்கலம் வாத்தியார்: எனக்கு 380 காட்டுது, 100 லிட்டர். எவ்வளவு போட?

380 கவலைப்படுற அளவு இல்ல சார். 420-க்குக் கொண்டுவரணும்னா 40 கூடணும். 100 லிட்டருக்கு 4 கிராம் கால்சியம். கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டா இருந்தா 14.7 கிராம். ஆர்.ஓ. தண்ணியில கரைச்சு, தண்ணி ஓட்டம் இருக்கிற இடத்துல, ரெண்டு மூணு நாளாப் பிரிச்சு ஊத்துங்க. ஊத்துறதுக்கு முன்னால இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணுங்க.

ஏன் சொல்றேன்னா, நான் பட்டவன். மூணு கோடையைப் பார்த்த பழைய கிட்ல 360 காட்டுச்சு. உப்பையும் பார்க்கலை, மறுபடி டெஸ்டும் பண்ணலை, அள்ளிப் போட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே கே.எச். பொடியும் போட்டேன். ரெண்டும் ஒண்ணு சேர்ந்து திரண்டு, அரை மணி நேரத்துல தொட்டி அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி ஆயிருச்சு. மறுநாள் பம்பு நின்னுபோச்சு. கழட்டிப் பார்த்தா, போர் தண்ணியில போட்ட ஹீட்டர் ராடு மாதிரி வெள்ளையாப் படிஞ்சு கிடக்கு. வினிகர்ல ஊறப்போட்டுச் சுரண்டினேன்.

வில்லாபுரம் தம்பி: ராமேஸ்வரம் பக்கத்துப் பவளக்கல்லைத் தொட்டியில போட்டா அதுவே கரைஞ்சு கால்சியம் தரும்னு சொல்றாங்களே?

தராது. பி.எச். 8-க்கு மேல இருக்கிற கடல்தண்ணியில அது கரையாது. கார்பன் டை ஆக்சைடு விட்டு பி.எச்.சை 6.5 பக்கம் இறக்குற கால்சியம் ரியாக்டர்லதான் கரையும். அதோட, ஹார்ட் கோரல் 2001-லருந்து வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. செத்த கல்லா இருந்தாலும் எடுக்கிறது குத்தம். மன்னார் வளைகுடாவுல 21 தீவும் தேசியப் பூங்கா. வேண்டாம் தம்பி.

கே.கே. நகர் அக்கா: கிட்டை ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா?

சாப்பாட்டுச் சாமானோட வேண்டாம் அக்கா. வெயில் படாத பீரோவோட கீழ்த்தட்டு போதும். தொட்டி ஸ்டாண்டுக்குள்ள வைக்காதீங்க, அந்த ஈரத்துல பொடி கட்டியாயிரும். பிரிச்ச தேதியை மூடி மேல மார்க்கர்ல எழுதி வைங்க.