ஸ்விங்: எங்கே காது வைப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் இசைக் கட்டுரைகளில் ஸ்விங் என்ற சொல் அடிக்கடி வருகிறதே என்று 1930களின் அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டுகளை ஒரு வாரமாக யூடியூபில் கேட்டேன். கர்நாடக சங்கீதத்தில் பழகிய காது என்னுடையது. எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது. ட்ரம்பெட்கள் கூட்டமாகக் கத்துகின்றன, சாக்ஸபோன்கள் பதில் சொல்கின்றன, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. தாளம் போட்டால் ராணுவ பாண்டு மாதிரி முரட்டுத்தனமாக வருகிறது. இது ஒரு நாட்டையே எப்படிப் பத்து வருடம் ஆட்டிவைத்தது? வெள்ளைக் குழுத் தலைவர் பென்னி குட்மேனை 'ஸ்விங்கின் ராஜா' என்கிறார்கள், கறுப்பர்களிடம் திருடியது என்றும் சொல்கிறார்கள். எது சரி?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டிருந்தால் உங்கள் காதைக் குறைசொல்ல வேண்டியதில்லை. டபுள் பாஸின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. ஃபோனுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் அந்தப் பக்கமே போகாது. நாகஸ்வரக் கச்சேரியில் தவிலை எடுத்துவிட்டுக் கேட்டால் எப்படி இருக்கும்? அதைத்தான் ஒரு வாரமாகக் கேட்டிருக்கிறீர்கள்.

நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஒரே ஒரு இசைத்தட்டை எடுங்கள்: கவுன்ட் பேஸி குழுவின் 'ஒன் ஓ'கிளாக் ஜம்ப்', 1937 ஜூலைப் பதிவு. பின்னாளில் அவர்களே திரும்ப வாசித்தவை இப்போதைக்கு வேண்டாம். நாலு தட்டு ஒரு பார், 12 பார் ஒரு சுற்று, ஆக 48 தட்டு. நம் ஆவர்த்தனக் கணக்குத் தெரிந்தவருக்கு இது பெரிய காரியமில்லை. பேஸி பியானோவில் 8 பார் தொடக்கம் வாசித்துவிட்டு இரண்டு சுற்று எடுக்கிறார். உடனே சுருதி இடம் மாறும் (ஆதார சுருதி அசையாத சங்கீதத்திலிருந்து வருகிறவருக்கு இங்கேதான் கால் தடுக்கும்). அதன்பின் ஆளுக்கு ஒரு சுற்று: ஹெர்ஷல் எவன்ஸ் டெனர் சாக்ஸபோன், ஜார்ஜ் ஹன்ட் ட்ராம்போன், லெஸ்டர் யங் இன்னொரு டெனர், பக் கிளேட்டன் ட்ரம்பெட். 'எல்லாம் ஒன்றுபோல' என்றீர்களே, எவன்ஸையும் யங்கையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒரே வாத்தியம், ஒரே 12 பார். எவன்ஸின் நாதம் அகலமானது, ஒவ்வொரு நீண்ட சுரத்திலும் அசைவு உண்டு. யங்குடையது மெல்லியது, அசைவு மிகக் குறைவு, தட்டுக்குச் சற்றுப் பின்தங்கியே வந்து சேரும்.

கிளேட்டன் முடித்ததும் ஊதுகிறவர்கள் ஒதுங்கிவிட, பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ் நாலும் மட்டும் ஒரு சுற்று. அந்தப் பதினாறு பதினேழு நொடியைத்தான் பத்து தடவை கேட்க வேண்டும். வால்டர் பேஜின் பாஸ் தட்டுக்கு ஒரு சுரமாகப் படி ஏறி இறங்குகிறது. ஃப்ரெடி கிரீன் ஆம்ப்ளிஃபயர் இல்லாத கிட்டாரில் நாலு தட்டிலும் சின்னதாக ஒரு வருடல் வருடுகிறார். அது தனியாகக் கேட்காது, பாஸோடு ஒட்டிக்கொண்டுதான் கேட்கும். பழைய பாணி டிரம்மர்கள் பெரிய டிரம்மைக் காலால் உதைத்துத் தாளம் காத்தார்கள். ஜோ ஜோன்ஸ் அந்த வேலையை ஹை-ஹாட்டுக்கு, அதாவது காலால் மூடித் திறக்கும் ஜோடித் தாளத்தட்டுக்கு மாற்றினார். அது மூடுவது 2லும் 4லும். நீங்கள் 1லும் 3லும் தட்டியிருக்கிறீர்கள், அதனால்தான் ராணுவ பாண்டு வந்தது. கையை 2க்கும் 4க்கும் மாற்றுங்கள்.

இன்னொன்று நடை. ஒரு தட்டுக்குள் இரண்டு சுரம் வந்தால் அவை சமமாக விழுவதில்லை. 'தகிட' என்று மூன்றாகப் பிரித்து, 'தகி' முழுவதையும் முதல் சுரத்துக்கும் 'ட'வை மட்டும் அடுத்ததற்கும் கொடுத்தால் கிட்டத்தட்ட அந்த ஆட்டம் வரும். கிட்டத்தட்டத்தான். கறாராகத் திஸ்ரத்தில் வாசித்தால் குதிரைவண்டி ஓடும். வேகம் கூடக் கூட இரண்டு சுரமும் சமத்தை நோக்கி நகர்ந்துவிடும். தாளில் எழுதும்போது சமமாகவே எழுதிவிடுவார்கள், மிச்சம் வாசிக்கிறவர் பொறுப்பு.

மூன்று நிமிடக் கணக்கு வெறும் இசைத்தட்டின் அளவு. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் கொள்ளும். நடன அரங்கில் ஆடுகிறவர்கள் விடும்வரை அதே பாட்டு ஓடும். நியூயார்க் ஹார்லெமில் 1926இல் திறந்த சவாய் பால்ரூமில் இரண்டு மேடைகள். ஒரு குழு நிறுத்தினால் மற்றது தொடங்கும், தளம் காலியாகவே விடமாட்டார்கள். லிண்டி ஹாப் நடனம் அங்கேதான் பெரிதாக வளர்ந்தது. ஸ்விங்கை உட்கார்ந்து கேட்டு மதிப்பிடுவது பரதத்துக்கு நட்டுவாங்கத்தை மட்டும் கேட்டு மார்க் போடுவதுபோலத்தான். சவாயில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். அதே ஹார்லெமின் காட்டன் கிளப்பிலோ மேடையில் கறுப்பர், நாற்காலியில் வெள்ளையர்.

இனி உங்கள் ராஜா. குட்மேன் வாசித்த முக்கியமான அரேஞ்ச்மென்ட்கள் (எந்த வாத்தியம் எங்கே எதை வாசிக்க வேண்டும் என்று எழுதிய தாள்கள்) பல ஃப்ளெட்சர் ஹென்டர்சன் எழுதியவை. ஹென்டர்சன் கறுப்பர், 1920களிலிருந்தே தன் குழுவோடு இந்தப் பாணியை உருவாக்கியவர். ட்ரம்பெட், ட்ராம்போன் ஒரு கட்சி, சாக்ஸபோன்கள் எதிர்க்கட்சி, இருவருக்கும் சவால்-பதில். 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' பாட்டை ஹென்டர்சன் குழு 1932இல் வாசித்ததையும் குட்மேன் 1935இல் வாசித்ததையும் அடுத்தடுத்துக் கேட்டால் எலும்புக்கூடு ஒன்றே என்று தெரியும். குட்மேனுடையது துடைத்து வைத்த பாத்திரம்போல் சுத்தம். ஹென்டர்சனுடையதில் சூடு அதிகம், எனக்கு அதுதான் பிடிக்கும்.

திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். குட்மேன் காசு கொடுத்து வாங்கினார், பெயரும் சொன்னார். 1936இலேயே கறுப்பர்களான டெடி வில்சனையும் லயனல் ஹாம்ப்டனையும் வெள்ளையரோடு ஒரே மேடையில் ஏற்றினார். கல்லாப்பெட்டி இருந்த இடம்தான் கோளாறு. விளம்பரதாரர் பணம் போடும் வானொலி நிகழ்ச்சிகளும் பெரிய ஹோட்டல் மேடைகளும் பெரும்பாலும் வெள்ளைக் குழுக்களுக்கே கிடைத்தன. 1934 டிசம்பரில் தொடங்கிய என்பிசி வானொலியின் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியில் குட்மேனின் முறை கடைசி. நியூயார்க்கில் ஊர் தூங்கும் நேரம், கலிஃபோர்னியாவில் மூன்று மணி நேரம் பின்னால், மாணவர்கள் விழித்திருக்கும் நேரம். 1935 கோடையில் ஊர் ஊராகத் தோற்றுக்கொண்டே போன குழு, ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸின் பாலோமார் அரங்கில் ஹென்டர்சனின் தாள்களை எடுத்ததும் கூட்டம் மேடையை மொய்த்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே தெரிந்த இசை. 1937 மே மாதம் அதே குட்மேன் சவாய்க்குப் போய், அங்கே வழக்கமாக வாசிக்கும் சிக் வெப் குழுவோடு மோதித் தோற்றார். பட்டம் என்னவோ போகவில்லை.

ஸ்விங் காலத்தின் முடிவுக்குக் காரணம் ரசனை மாற்றம் மட்டுமில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது, வாத்தியக்காரர்கள் ராணுவத்துக்குப் போனார்கள், குழுக்கள் ஊர் ஊராகப் போகும் பஸ்ஸுக்குப் பெட்ரோல் இல்லை. இசைத்தட்டு செய்யும் அவலரக்கு (ஷெல்லாக்) பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. 1942இல் அதற்குக் கட்டுப்பாடு வந்ததும் பழைய தட்டுகளை வாங்கி அரைத்துப் புதுத் தட்டு செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவையே நிறுத்தியது. சங்கத்தில் இல்லாத பாடகர்கள் மட்டும் கோரஸ் குரல்களை வைத்துக்கொண்டு பதிவு செய்தார்கள். 1946 டிசம்பர் வாக்கில் எட்டுப் பெரிய குழுக்கள் கலைந்தன, குட்மேனுடையதும் அதில் ஒன்று.

'ஆல் ஆர் நத்திங் அட் ஆல்' தட்டைத் தேடிப் பாருங்கள். 1939இல் பதிவான அது முதலில் வந்தபோது லேபிளில் பெரிய எழுத்து ஹேரி ஜேம்ஸ் குழுவின் பெயர், பாடிய ஃப்ராங்க் சினாட்ரா சின்ன எழுத்தில் கீழே. வாத்தியக்குழுவோடு புதுப் பதிவு செய்ய முடியாத 1943இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அதே பதிவைத் திரும்ப வெளியிட்டு லட்சக்கணக்கில் விற்றது. இந்த முறை மேலே சினாட்ரா, கீழே ஹேரி ஜேம்ஸ்.