வேலிக்கு உரம் போட வேண்டாம்

கேள்வி: வயது 34, கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். 3 வருடமாக லூபஸ். ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுகிறேன், இப்போது தொந்தரவு இல்லை. எதிர்ப்பு சக்தி கூடும் என்று மாமியார் ஒன்றரை மாதமாகத் தினமும் சீந்தில் கஷாயம் தருகிறார். கணவர் ஆல்ஃபால்ஃபா மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். ஆடி பிறந்தால் கேரளத்து மருந்துக் கஞ்சியான கர்க்கடகக் கஞ்சியும் உண்டு. இதெல்லாம் சாப்பிடலாமா?

பதில்: கஷாயத்தை இன்றோடு நிறுத்துங்கள். மாத்திரை டப்பாவைத் திறக்கவே வேண்டாம். கஞ்சிக்குப் பிறகு வருகிறேன்.

லூபஸில் எதிர்ப்பு சக்தி குறைந்துபோவதல்ல பிரச்சினை. அது ஆள் தெரியாமல் உங்கள் தோலையும் மூட்டையும் சிறுநீரகத்தையுமே தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிற கதை. அதைத்தான் உங்கள் மாத்திரை தணித்து வைத்திருக்கிறது. ஒரு கையால் தணித்து மறு கையால் தூண்டிவிடுவானேன்?

சீந்தில், உங்கள் ஊர் மலையாளத்தில் சிற்றமிருது, கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு கொதித்தது. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில், இதைச் சாப்பிட்ட 6 பேர் கல்லீரல் பாதிப்போடு வந்தார்கள். எதிர்ப்பு சக்தியே ஈரலைத் தாக்குவதுபோன்ற அடையாளங்கள் அவர்களிடம் தெரிந்தன. ஆயுஷ் அமைச்சகம் அந்த ஆய்வை ஏற்கவில்லை. கொடி சரியாக அடையாளம் காணப்படவில்லை, அதைப்போன்ற வேறொரு கொடியாக இருக்கலாம் என்றது. 2022இல் பல ஊர் மருத்துவர்கள் சேர்ந்து இதேபோல 43 பேரைப் பற்றி எழுதினார்கள். குடித்துவிட்டு ஒன்றும் ஆகாமல் இருப்பவர்களும் ஏராளம்தான். ஆனால் லூபஸ் உள்ள உடம்பில் அந்தப் பரீட்சை வேண்டாம். வேப்பமரத்தில் ஏறிய கொடி எந்த இனம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல எனக்கும் தெரியாது.

ஆல்ஃபால்ஃபா வேறொன்றுமில்லை, மாட்டுக்குப் போடும் குதிரைமசால். மாடு தாராளமாகத் தின்னட்டும். அதன் விதையிலும் முளையிலும் எதிர்ப்பு சக்தியைத் தூண்டக்கூடிய எல்-கேனவனின் என்ற பொருள் இருக்கிறது. முளைகட்டிய ஆல்ஃபால்ஃபா கொடுத்த குரங்குகளுக்கு லூபஸ் போன்ற நோய் வந்ததை 1982லேயே கண்டார்கள்.

ஒன்றரை மாதம் குடித்திருப்பதால் இந்த வாரமே ஈரல் பரிசோதனை, அதாவது எல்.எப்.டி., எடுத்துவிடுங்கள். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனாலோ, உடம்பு அரித்துப் பசி செத்துப்போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். லூபஸ் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எதையும் தூண்டக்கூடாது என்றேன் என்பதற்காகத் தடுப்பூசிக்குப் பயப்பட வேண்டாம். ஃப்ளூ, நிமோனியா ஊசிகளை லூபஸ்காரர்களுக்கு நாங்களே போடச் சொல்கிறோம். உயிருள்ள கிருமி சேர்ந்த ஊசி என்றால் மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்.

'வேறு மருந்து ஏதாவது?' என்று கேட்டால் என்னிடம் வருபவர்கள் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். 'காலையில் வெறும் வயிற்றில்?' என்று கேட்டால்தான் கஷாயம் வெளியே வரும். உங்கள் டாக்டரிடம் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

கஞ்சி நவரை அரிசி, வெந்தயம், சீரகத்தோடு வீட்டில் காய்ச்சியதாக இருந்தால் குடிக்கலாம். கடைப் பொட்டலம் என்றால் பின்பக்கம் உள்ள மூலிகைப் பட்டியலைப் படியுங்கள். அதில் சிற்றமிருது இருந்தால் உங்கள் பங்கை மாமியாருக்கும் ஊற்றாதீர்கள். அவருக்குச் சர்க்கரையோ தைராய்டோ இருந்தால் சீந்தில் அவருக்கும் ஆபத்தாகலாம்; இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.