இரவு ஒன்றரை மணி உழவு

கேள்வி: எனக்கு வயது 36. வெள்ளவத்தையில் வாடகை வீடு, கோட்டையில் கணக்காளர் வேலை. கிளிநொச்சியில் அப்பா விட்டுப்போன மெஸி பெர்குசன் 35 ட்ரக்டர் நிற்கிறது. லீவு கிடைத்தால் அதோடுதான் கிடப்பேன். இங்கே வீடு உறங்கிய பிறகு எனக்கு யோசனை தொடங்கும். வேலையை விட்டுவிட்டு, ஊர்க் காணியை ஈடுவைத்து, பழைய ட்ரக்டர்களுக்குச் சாமான் விற்கும் கடை போடலாமா என்று ஆரம்பித்து, சந்திரனில் உழுவதற்கு எப்படிப்பட்ட கலப்பை வேண்டும் என்பதில் போய் நிற்கும். நண்பர் ஒருவர் பங்குக்கு வரத் தயார். "நமக்குள்ள என்ன எழுத்து" என்கிறார். மனைவி பயப்படுகிறார். எனக்கு ஏதும் பிடித்துவிட்டதா?
- வாசகர், கொழும்பு 06

பதில்: தம்பி, உங்களுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. பகல் முழுக்கப் பிறத்தியாருடைய ஐந்தொகையைப் பார்க்கிற கண்ணுக்கு, இரவில் தன் சொந்தச் சாமான் ஒன்றைப் பார்க்க ஆசை வருகிறது. வாரக்கணக்காக உறக்கம் கெட்டு, வேலையிலும் பிழை விடுகிறீர்கள் என்றால் மட்டும் ஒரு வைத்தியரைப் பாருங்கள்.

சந்திரனில் இருந்தே தொடங்குகிறேன். கடிதத்தில் எனக்கு ஆகப் பிடித்த இடம் அதுதான். செட்டிகுளத்தில் என் சித்தப்பாவிடமும் ஒரு 35 நின்றது, அதன் மட்காட்டில் இருந்து வளர்ந்தவள் நான். ட்ரக்டருக்குப் பிடி அதன் பாரத்தில் இருந்து வருகிறது. உங்கள் 35 சுமார் ஒன்றரைத் தொன். சந்திரனில் ஈர்ப்பு ஆறில் ஒன்று, ஆகவே அங்கே அது கால் தொன் பாரத்தோடுதான் நிலத்தை அழுத்தும். கலப்பையை இறக்கினால் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும். உங்கள் ட்ரக்டரின் பெயரில் இருக்கிற ஹரி பெர்குசன் பூமியில் தீர்த்ததும் இதே சிக்கலைத்தான். கலப்பையைச் சங்கிலியால் இழுக்காமல் மூன்று புள்ளியில் ட்ரக்டரோடு பொருத்தி ஹைட்ரோலிக்கில் தூக்க வைத்தார். கலப்பை மண்ணில் இறுக இறுகப் பின்சில்லுகளில் பாரம் ஏறும். சின்ன ட்ரக்டர் பெரிய ட்ரக்டரின் வேலையைச் செய்தது அப்படித்தான். நாசாவின் கென்னடி விண்வெளி மையத்தில் ராசோர் என்று ஒரு தோண்டும் ரோபோ செய்திருக்கிறார்கள். அதன் முன்னும் பின்னும் இரண்டு உருளைகள், ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகச் சுற்றும். ஒன்று இழுக்கிற இழுவையை மற்றது சரிக்கட்டிவிடும், பாரம் குறைந்தாலும் தோண்டலாம். ஆக, நீங்கள் ஒன்றரை மணிக்கு யோசிப்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். இதை உங்கள் மனைவிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இனிக் கடை. சித்தப்பாவுக்கு ஒரு பழக்கம். எஞ்சின் இருமினால் டீசல் பில்டரைக் கழற்றி, அடியில் தேங்கியதைத் தேத்தண்ணிக் கிளாஸ் ஒன்றில் பிடித்து, அரிக்கன் லாம்புக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். தண்ணீர் முத்து முத்தாக அடியில் கிடக்கும். அது தெரிந்தாலும் அப்போதே கை வைக்கமாட்டார். கிளாசைத் திண்ணையில் வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். விளக்கில் தெரியாத தூசி விடியத் தெரியும் என்பார்.

உங்கள் கடைக்கும் பகல் வெளிச்சம் வேண்டும். ஒரு சனிக்கிழமை காலையில், வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். விற்கிறவராகப் போகாமல், 35க்குச் சாமான் தேடுகிறவராகக் கடை கடையாக ஏறுங்கள். என்ன கிடைக்கிறது, என்ன விலை, எதைக் கேட்டால் "அது வராது" என்று கையை விரிக்கிறார்கள், எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். 35 என்ற ஒரே பெயரில் இரண்டு டீசல் எஞ்சின் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும், முதலில் ஸ்டாண்டர்ட் கம்பனியின் நாலு சிலிண்டர், 1959க்குப் பிறகு பேர்க்கின்ஸ் கம்பனியின் மூன்று சிலிண்டர். ஒன்றின் எஞ்சின் சாமான் மற்றதற்குப் பொருந்தாது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கராஜ்காரரிடம் எந்த எஞ்சின் கூட வருகிறது என்று எண்ணிப் பார்க்காமல் ஒரு சாமானும் வாங்கி அடுக்காதீர்கள். அடுக்கினால் காசு இறாக்கையிலேயே கிடந்து துருப்பிடிக்கும். இன்னொன்று. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய சாமானுக்கு ஆட்கள் அலைந்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்த அலைச்சலை வைத்து இன்றைய வியாபாரத்தைக் கணக்குப் போட வேண்டாம். 2025இல் கதவு திறந்துவிட்டது.

ஒரு வருடத்துக்கு வேலையை விடாதீர்கள். கேட்கிறவருக்கு மட்டும் தேடி எடுத்து பஸ்ஸில் போட்டு அனுப்புங்கள். அதற்குக் கடையும் வேண்டாம், கடனும் வேண்டாம்.

நண்பர் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வேன். அதே பெர்குசன் 1938இல் கார்க் கம்பனி ஹென்றி ஃபோர்ட்டோடு கை குலுக்கி, தன் பொருத்தோடு ஃபோர்ட் ட்ரக்டர் செய்வதென்று ஒரு பேச்சுப் பேசினார். எழுத்து இல்லை. அந்தக் கைகுலுக்கலில் லட்சக்கணக்கான ட்ரக்டர்கள் பிறந்தன. பிறகு ஃபோர்ட்டின் பேரன் பொறுப்புக்கு வந்து, இந்த ஏற்பாடு வேண்டாம் என்று முடித்துவிட்டார். பெர்குசன் வழக்குப் போட்டார். 1952இல் 92.5 லட்சம் டொலருக்கு இணக்கம் வந்தது, அவர் கேட்டதோ 25 கோடிக்கும் மேல். அவர்களிடம் வழக்காட வசதி இருந்தது, தம்பி. உங்களிடம் இருப்பது ஒரு காணி. யார் எவ்வளவு போடுவது, பிரிந்தால் சாமான் யாருக்கு என்று நொத்தாரிசுக்கு முன்னால் எழுதுங்கள். எழுத மறுக்கிற ஆளோடு தேத்தண்ணி குடியுங்கள், பங்கு சேர வேண்டாம்.

மனைவிக்குச் சந்திரனைப் பற்றிப் பயம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய பயம் எல்லாம் அந்தக் காணி உறுதியில் இருக்கிறது. இன்றிரவே அதை எடுத்து அவர் கையில் கொடுங்கள், அலுமாரிச் சாவியோடு. ஈடு என்ற பேச்சு இனி அவர் வாயில் இருந்து வந்தால்தான் உண்டு என்று சொல்லுங்கள்.

சந்திரக் கலப்பையை வியாபாரக் கொப்பியில் எழுதாதீர்கள். அதற்குத் தனிக் கொப்பி வையுங்கள், படம் கீறுங்கள். அடுத்த லீவுக்கு மனைவியையும் கிளிநொச்சிக்குக் கூட்டிப் போய் அந்தச் சீற்றில் ஏற்றி வையுங்கள். நீங்கள் கீழே நின்று கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் அவர் எடுக்கட்டும்.