பதில்: ஸ்டாக்கை எண்ணாமலே கையெழுத்துப் போட்ட ஆடிட்டர் மீது எங்கே புகார்?

வணக்கம். குடோனில் பாதிச் சரக்கே இல்லை, ஆடிட்டர் எட்டிக்கூடப் பார்க்காமல் பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டார், ஆடிட்டர்களைக் கண்காணிக்கும் தேசிய அமைப்பான என்எஃப்ஆர்ஏவுக்கு எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே எழுதிப் பயனில்லை. அது லிஸ்டட் கம்பெனிகளையும், 500 கோடி மூலதனம் அல்லது 1000 கோடி டர்ன்ஓவர் என்கிற அளவிலுள்ள பெரிய கம்பெனிகளையும் பார்க்கிற அமைப்பு. உங்களுடையது சின்ன பிரைவேட் லிமிடெட். போக வேண்டிய இடம், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்களுக்கான அமைப்பான ஐசிஏஐயின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு. ஃபார்ம் 1இல் எழுத வேண்டும், கட்டணமும் உண்டு.

"ஆடிட்டர் ஃபிராடு" என்று மட்டும் எழுதாதீர்கள். அதை நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில் விழும். 1949ஆம் ஆண்டு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, முதல் பகுதி, 7ஆவது கூறைப் பிடியுங்கள்: உரிய கவனமின்மை அல்லது கடும் அலட்சியம். சரக்கு மதிப்பு கணிசமானதாக இருந்தால், எண்ணும்போது ஆடிட்டர் நேரில் இருக்க வேண்டும் என்கிறது எஸ்ஏ 501 என்ற ஆடிட் தரநிலை. முடியாவிட்டால் வேறு வழியில் சரிபார்த்திருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை என்றால் அவருடைய ஒர்க்கிங் பேப்பரே (ஆடிட் வேலைக் குறிப்புகள்) காட்டிக்கொடுக்கும். அறிக்கை நகல், வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட் இரண்டையும் இணையுங்கள். இரண்டிலும் மார்ச் 31 எண்கள் ஒத்துப்போகாவிட்டால் பாதி வேலை முடிந்தது. அறிக்கையிலுள்ள யூடிஐஎன் எண்ணையும் (ஆடிட்டர் கையெழுத்திடும் ஆவணத்துக்கான தனி அடையாள எண்) ஐசிஏஐ தளத்தில் போட்டுப் பாருங்கள்.

ஆனால் இதனால் உங்கள் பணம் திரும்பாது; வருடக்கணக்கில் இழுக்கவும் இழுக்கும். 12 சதவீதப் பங்கு இருப்பதாகச் சொன்னீர்களே, கம்பெனியின் நிர்வாகச் சீர்கேட்டை எதிர்த்து, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 241ஆவது பிரிவின்கீழ் சென்னை என்சிஎல்டிக்கு (கம்பெனி வழக்குகளுக்கான தீர்ப்பாயம்) போக அது போதும். ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.